வரலாறு கிடைத்திருக்கிறது என்று எழுதிய தங்கைக்கு

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. விழுப்புரம் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரியில் பி.ஏ. வரலாறு கிடைத்திருக்கிறது என்பதை ஒரே வரியில் முடித்துவிட்டாய். மீதிப் பக்கமெல்லாம் அடுத்தவர்கள் சொன்னது. “ஆர்ட்ஸ் காலேஜா?” என்று பெரியப்பா இழுத்தது, கடன் வாங்கியாவது இன்ஜினியரிங்கில் போடுங்கள் என்று மாமா அப்பாவிடம் சொன்னது, வரலாறு படித்து என்ன ஆகப்போகிறாய் என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டது. கடைசி வரியில் “சேரட்டுமா அண்ணா?” என்று கேட்டிருக்கிறாய்.

சேர்ந்துவிடு. கலந்தாய்வில் ஒதுக்கிய இடம் நீண்ட நாள் காத்திருக்காது, அதனால் இதை முதலில் சொல்லிவிட்டேன். உன் பெரியப்பாவுக்கும் மாமாவுக்கும் சொல்ல வேண்டியதை இனி எழுதுகிறேன். அவர்கள் உனக்கு வேண்டாதவர்கள் இல்லை. பயப்படுகிறார்கள், அவ்வளவுதான்.

உன் ஊரிலிருந்து பஸ்ஸில் போய்விடக்கூடிய தூரத்தில், விக்கிரவாண்டி வட்டத்தில், எண்ணாயிரம் என்று ஒரு கிராமம் இருக்கிறது. அங்கே பெருமாள் கோயில் கல்வெட்டு ஒன்றில் ராஜேந்திர சோழன் காலத்துக் கல்லூரி ஒன்றின் கணக்கு இருக்கிறது. மாணவர்கள் 340 பேர், ஆசிரியர்கள் 14 பேர். இளநிலையில் 270 பேர், முதுநிலையில் 70 பேர். ரிக் வேதத்துக்கு 75 பேர், யஜுர் வேதத்துக்கு 75 பேர், ரூபாவதாரம் என்ற இலக்கண நூலுக்கு 40 பேர், மேல்படிப்பில் வேதாந்தத்துக்கு 10 பேர் என்று பாடவாரியாகப் பிரித்திருக்கிறார்கள். இளநிலை மாணவருக்கு நாளொன்றுக்கு ஆறு நாழி நெல், மேல்படிப்புக்காரருக்கு ஒரு குறுணி இரண்டு நாழி. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் உன் வட்டாரத்தில் உதவித்தொகையோடு ஒரு கல்லூரி நடந்திருக்கிறது. முதன்முதலில் அந்தக் கணக்கைப் படித்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது.

ஆனால் அந்த 340 பேரில் உன் வீட்டார் யாரும் இருந்திருக்க முடியாது. என் வீட்டாரும்தான். நெல்லை விளைவித்தவர்கள் நம் பக்கத்து ஆட்கள், அதைத் தின்று வேதம் படித்தவர்கள் வேறு ஆட்கள். பெண் பிள்ளை என்ற பேச்சே அங்கு எழவில்லை. அதற்கப்புறம் ஒன்பது நூற்றாண்டு போன பிறகுதான், 1968இல் விழுப்புரத்திலும் 1969இல் திண்டிவனத்திலும் அரசுக் கலைக் கல்லூரிகள் வந்தன. ஒன்றுக்கு அண்ணாவின் பெயர். மற்றொன்றுக்கு அவருடைய அமைச்சரவையில் வேளாண்மைத் துறையைப் பார்த்த, இந்த மண்ணைச் சேர்ந்த ஆ. கோவிந்தசாமியின் பெயர். அதற்கு முன்பு மேல்படிப்பு என்றால் சிதம்பரம், பாண்டிச்சேரி, மெட்ராஸ் என்று ஊரைவிட்டுப் போகிற வசதி வேண்டும். தமிழ் படிக்க விரும்பியவர்களுக்கு மட்டும் உன் பக்கத்து மயிலத்தில், பொம்மபுர ஆதீனம் 1938இல் தொடங்கிய தமிழ்க் கல்லூரி இருந்தது. கரும்பு வெட்டுகிறவர் வீட்டுப் பிள்ளையும் மணிலா பிடுங்கிப் பிழைத்தவர் வீட்டுப் பிள்ளையும் காலையில் பஸ் ஏறி, சாயங்காலம் வீட்டுக்கு வந்து, பட்டதாரி ஆகலாம் என்ற நிலைமை இந்த இரண்டு கல்லூரிகளுக்குப் பிறகுதான் வந்தது.

கல்லூரி வந்ததும் இடம் தானாகக் கிடைத்துவிடவில்லை. 1987 செப்டம்பரில் இந்த மாவட்டத்துச் சாலைகளில் இடஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்தது. அந்தப் போராட்டத்தில் 21 பேர் உயிர் விட்டார்கள். 1989இல் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 சதவீதம் என்று தனிப் பிரிவு வந்தது. அந்த 21 பேருக்கான மணிமண்டபத்தையும் ஆ. கோவிந்தசாமிக்கான நினைவரங்கத்தையும் 2025 ஜனவரியில் விழுப்புரத்தில் திறந்தார்கள். ஆதிதிராவிடருக்கு 18, பழங்குடியினருக்கு 1 என்று எல்லாம் சேர்ந்து இன்று 69 சதவீதம். இதில் எந்தப் பிரிவில் உனக்கு இடம் வந்தது என்று நான் கேட்கப் போவதில்லை. எந்தப் பிரிவானாலும் அதற்குப் பின்னால் யாரோ நடந்திருக்கிறார்கள், யாரோ சிறைக்குப் போயிருக்கிறார்கள். ‘வரலாறுதான் கிடைத்தது’ என்று தலையைக் குனிந்துகொண்டு அந்த இடத்தில் போய் உட்காராதே.

இந்தக் கல்லூரிகளில் யார் பாடம் நடத்தினார்கள் என்பதையும் உன் மாமாவிடம் சொல். விழுப்புரம் கல்லூரியில் தமிழ் நடத்தியவர் த. பழமலய். 1988இல் வந்த அவருடைய ‘சனங்களின் கதை’ நடுநாட்டுக் கிராமத்து மனிதர்களை, அவர்கள் பேசுகிற பேச்சிலேயே கவிதைக்குள் கொண்டுவந்தது. நம் வீடுகளில் ஆயா பேசுகிற பேச்சுக்கு இலக்கியத்தில் இடம் உண்டு என்பதை இந்த வட்டாரத்துப் பிள்ளைகள் பலர் அந்தப் புத்தகத்தில்தான் கண்டுகொண்டார்கள். திண்டிவனம் கல்லூரியில் இயற்பியல் நடத்தியவர் பேராசிரியர் கல்யாணி. பிரபா கல்விமணி என்றால் ஊருக்கே தெரியும். இருளர் மக்கள்மேல் பொய் வழக்குப் போடுவதையும் அவர்களைக் கொத்தடிமையாக வைத்திருப்பதையும் எதிர்த்துப் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தைக் கட்டியவர். திண்டிவனம் ரோசணையில் தாய்த்தமிழ்ப் பள்ளியை நடத்தியவர். வகுப்பில் இயற்பியல், வெளியே காவல் நிலையத்து வாசலில் பாதிக்கப்பட்டவர்களோடு நிற்பது என்று வாழ்ந்தார். இப்படிப்பட்டவர்கள் நடந்த வராந்தாக்கள்தான் இவை.

குறைகளை மறைத்தால் நான் உனக்கு அண்ணன் இல்லை. நான் திண்டிவனத்தில் படித்தவன், அரசுக் கல்லூரியின் வாசனை தெரிந்தவன். வகுப்பில் மின்விசிறி எல்லாம் ஓடும் என்று எதிர்பார்க்காதே. கழிப்பறையைப் பற்றிப் பெண் பிள்ளைகள் கூடிக் கேட்டால்தான் நடக்கும், கேளுங்கள். உனக்குப் பாடம் எடுப்பவர்களில் பலர் கௌரவ விரிவுரையாளர்களாக இருப்பார்கள். முனைவர் பட்டம் வாங்கி, நெட் அல்லது செட் எழுதித் தேறி, வருஷக்கணக்கில் தொகுப்பூதியத்தில் இருப்பவர்கள். நிரந்தரப் பணி வேண்டும் என்று அவர்கள் வாயிலில் உட்காரும் நாளில் உன் வகுப்பு நடக்காமல் போகலாம். அன்றைக்கு எரிச்சல்படாதே. அவர்களுக்கு நிரந்தரச் சம்பளம் கொடுக்காமல் உனக்கு நல்ல கல்வி கொடுத்துவிட முடியும் என்று நினைப்பவர்கள்மேல்தான் எனக்குக் கோபம்.

இன்னொன்று, பல்கலைக்கழகத்தின் பெயர். இந்தக் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன, பிறகு வேலூர் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் கீழ் வந்தன. 2021இல் விழுப்புரத்திலேயே ஒரு புதிய பல்கலைக்கழகம் தொடங்கி, அதே ஆண்டில் அதை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இணைத்துவிட்டார்கள். உன் பட்டச் சான்றிதழ் சிதம்பரத்திலிருந்துதான் வரும். பழைய சீனியர்கள் சொல்லும் பாடத்திட்டம் உனக்கு ஒத்துவராது. வினாத்தாள் வாங்கும்போது எந்த ஆண்டுப் பாடத்திட்டம் என்று பார்த்து வாங்கு, இல்லையென்றால் அரியர் விழும்.

சரி, படிப்புக்கு வருகிறேன். பி.ஏ. வரலாறு படிக்க விழுப்புரம் மாவட்டத்தைவிட நல்ல இடம் தமிழ்நாட்டில் எத்தனை இருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன், அதிகம் தோன்றவில்லை. வகுப்பில் பல்லவர் பாடம் வரும்போது மகேந்திரவர்மன் என்று ஒரு பெயரும், சில கோயில் பெயர்களும் சொல்லிவிட்டுப் போவார்கள். நீ அடுத்த ஞாயிற்றுக்கிழமை செஞ்சி சாலையில் மண்டகப்பட்டில் போய் நில். செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுதை இல்லாமல் பிரம்மாவுக்கும் சிவனுக்கும் திருமாலுக்கும் எடுத்த கோயில் என்று விசித்திரசித்தன், அதாவது அந்த மகேந்திரவர்மன், பாறையில் வெட்டிவைத்த வாசகம் அங்கே இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு அரசன் புதிதாக ஒன்றைச் செய்துவிட்ட பெருமிதத்தில் பேசுகிறான். அதைக் கண்ணால் பார்த்துவிட்டுத் தேர்வு எழுதுகிறவளுக்கு மனப்பாடம் தேவைப்படாது.

செஞ்சிக்குப் பக்கத்தில் திருநாதர்குன்றில் இருபத்து நான்கு தீர்த்தங்கரர்களைப் பாறையில் இரண்டு வரிசையாகச் செதுக்கியிருக்கிறார்கள். அங்கே சந்திரநந்தி என்ற ஆசிரியர் 57 நாள் உண்ணாமல் நோற்று உயிர் விட்ட இடம் என்று ஒரு பழைய கல்வெட்டு. மேல்சித்தாமூரில் தமிழ்ச் சமணர்களின் மடம் இன்றைக்கும் இருக்கிறது. சமணம் என்றால் பழைய காலத்து மதம், அழிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு வரும் பிள்ளைகளின் வகுப்பிலேயே ஒரு நயினார் வீட்டுப் பிள்ளை உட்கார்ந்திருக்கும். கீழ்வாலைப் பாறையில் செங்காவி ஓவியங்கள். பனைமலைக் கோயிலில் ராஜசிம்மன் காலத்துப் பார்வதி, நிறம் மங்கியும் அழகு மங்காமல். செஞ்சிக் கோட்டையை 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்த்தது, மராட்டியர்களின் கோட்டை வரிசையில் ஒன்றாக. சிவாஜியின் மகன் ராஜாராம் முகலாயப் படையிடமிருந்து தப்பி வந்து அங்கே இருந்தபோது முற்றுகை ஏழு வருஷத்துக்கு மேல் நீண்டது. இதையெல்லாம் பார்க்க வெளிநாட்டிலிருந்து ஆராய்ச்சிக்காரர்கள் வருகிறார்கள். உனக்கு டவுன் பஸ் போதும்.

வரலாறு எதற்கு என்று கேட்கிறவர்களுக்குப் பிலிப்பைன்ஸ் நாட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருக்கிறேன். நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் அங்கே மருத்துவம் படிக்கப் போகிறார்கள், அதனால் பெயர் தெரிந்த நாடு. அங்கே 1956இல் ஒரு சட்டம் போட்டார்கள். எந்தப் படிப்பானாலும், பொறியியலோ செவிலியமோ, கல்லூரியில் ஹோசே ரிசாலின் வாழ்க்கையையும் எழுத்தையும் படிக்க வேண்டும். ரிசால் ஒரு கண் மருத்துவர். 1887இல் வந்த அவருடைய ‘நோலி மி டாங்கெரே’ நாவல் ஸ்பெயின் ஆட்சியைச் சுட்டது. 1896இல் அவரையே சுட்டுக் கொன்றார்கள். தன் நாடு எப்படி உண்டானது என்று தெரியாமல் யாரும் பட்டம் வாங்கக் கூடாது என்று அந்த மக்கள் நினைத்திருக்கிறார்கள். நம்முடைய பகுதி 1 தமிழ் அப்படி ஒரு ஏற்பாடுதான். அதைப் பாஸ் மார்க்குக்குப் படித்துவிட்டுக் கடந்து போகாதே.

வேலையைப் பற்றிப் பேசாமல் விட்டால் உன் அப்பா இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிடுவார். பி.ஏ. முடித்த கையோடு யாரும் உன்னை அழைத்து வேலை தரமாட்டார்கள், உண்மைதான். ஆனால் கடன் வாங்கிச் சேர்த்த இன்ஜினியரிங்கில் நாலு வருஷம் கழித்து வேலை இல்லாமல் கடனோடு நிற்கும் பிள்ளைகளும் உன் ஊரில் இருப்பார்கள். உன் மாமாவுக்கே சிலரைத் தெரிந்திருக்கும். இங்கே உன் செலவு வருஷத்துக்குச் சில ஆயிரம் ரூபாய். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உன் கணக்குக்கு வரும். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1, குரூப் 2 தேர்வுகளுக்கு எந்தப் பட்டமும் போதும், அவற்றின் பாடத்திட்டத்தில் இந்திய வரலாறும் அரசியலமைப்பும் தமிழக வரலாறும் பெரும்பகுதி. பி.எட். முடித்தால் ஆசிரியர் தேர்வு, எம்.ஏ. முடித்தால் கல்லூரி, தொல்லியல், அருங்காட்சியகம் என்று வழிகள் போகின்றன. எல்லாவற்றிலும் போட்டி கடுமை. மூன்று வருஷம் ஒழுங்காகப் படித்தவளுக்குத்தான் அந்த வழிகள்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவசரப்படாதே. சேரும்போது தமிழ்வழியா, ஆங்கிலவழியா என்று கேட்டுத் தெளிவாகக் குறித்துக்கொள். அரசு வேலையில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை உண்டு, 2010இல் வந்த சட்டம். பட்டப்படிப்பைக் கேட்கும் பணி என்றால் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டம் மூன்றும் தமிழில் இருக்க வேண்டும் என்று 2020இல் திருத்தினார்கள். நீ பள்ளி முழுக்கத் தமிழில் படித்தவள். தோழி சேர்கிறாள் என்று யோசிக்காமல் ஆங்கிலவழியில் பெயர் கொடுத்தால் அந்த உரிமை போய்விடும். ஆங்கிலம் வேண்டாம் என்று சொல்லவில்லை. பகுதி 2 ஆங்கில வகுப்பில் முன் பெஞ்சில் உட்கார், நூலகத்தில் தினமும் ஆங்கிலச் செய்தித்தாளில் ஒரு பக்கம் படி, புரியாத சொல்லை ஆசிரியரிடம் கேள். கேட்பதற்கு இங்கே யாரும் சிரிக்க மாட்டார்கள், பாதிப் பேர் உன்னைப் போலவே வீட்டில் முதல் பட்டதாரி.

போக்குவரத்து பற்றி அம்மா கவலைப்படுவதாக எழுதியிருந்தாய். பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என்று நின்று போகும் பாஸஞ்சர் இருக்கிறது, மயிலத்தில் ஏறலாம். அரசுக் கல்லூரி மாணவர்களுக்குப் பஸ் பாஸ் இலவசம், கல்லூரி அலுவலகத்திலேயே படிவம் கொடுப்பார்கள். ஜன்னல் ஓரத்தில் இடம் கிடைத்தால் ஒரு பாடம் முடித்துவிடலாம். முதல் சில வாரம் ஊர்ப் பிள்ளைகளோடு சேர்ந்து போ. அப்புறம் அம்மாவுக்கே பழகிவிடும்.

நாளைக்கே மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம் எல்லாவற்றையும் நகலெடுத்து, ஒரு கோப்பில் போட்டு அப்பாவைக் கூட்டிக்கொண்டு விழுப்புரத்துக்குக் கிளம்பு. கணக்கு உன் பெயரில், ஆதார் இணைத்து இருக்க வேண்டும், அப்போதுதான் அந்த 1,000 ரூபாய் தடையில்லாமல் வரும். சேர்ந்ததும் எந்த ஷிப்ட் என்று எழுது. காலை வகுப்பாக இருந்தால் மத்தியானத்துக்கு மேல் நூலகத்துக்கு நேரம் கிடைக்கும், அதற்குத் தகுந்தாற்போல் முதல் செமஸ்டருக்கு என்னென்ன புத்தகம் படிக்கலாம் என்று பட்டியல் அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் அண்ணன்