நேரப் பதிவைச் சோதிக்க எந்த வழி?

உலகம் முழுவதற்கும் பொதுவானதொரு காலப் பிரமாணம் வேண்டும் என்று சாண்ட்ஃபோர்ட் ஃபிளெமிங் 1879 பிப்ரவரியில் ரொறன்ரோவின் கனேடியன் இன்ஸ்டிடியூட்டில் கட்டுரை வாசித்தார். 1883 நவம்பர் 18 அன்று வட அமெரிக்க ரயில்பாதைகள் பொது நேரத்தை ஏற்றன. மனிதரின் கடிகாரங்கள் ஒத்துப்போக அந்த ஏற்பாடு போதும். ஒரு கோரிக்கை புறொக்ஸி சர்வருக்குள் எத்தனை மில்லிவிநாடி தங்கிற்று என்று அளப்பதற்கோ அது போதாது. ரொறன்ரோவில் நவம்பர் முதல் ஞாயிறு அதிகாலை இரண்டு மணி மறுபடியும் ஒரு மணியாகிவிடுவதால், உள்ளூர் நேரத்தில் எழுதிய பதிவுகளில் அந்த ஒரு மணி நேரம் இருமுறை வருகிறது. யு.டி.சி. என்னும் உலகப் பொது நேரத்தில் எழுதினால் இத்தொல்லை நீங்கும். ஆயினும் 2016 டிசம்பர் 31 அன்று, ரொறன்ரோவில் மாலை ஏழு மணியாகும் தருணத்தில், யு.டி.சி.யிலேயே ஒரு விநாடி கூட்டப்பட்டபோது, கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் டி.என்.எஸ். மென்பொருளில் கால வித்தியாசம் சுழிக்குக் கீழே சென்று, சில கோரிக்கைகள் தோல்வியுற்றன.

ஆகையால் புறொக்ஸியில் நேரத்தைப் பதியும் ஸ்கிரிப்டைச் சோதித்தே ஆகவேண்டும். அதற்குப் பழைய பதிவுக் கோப்பை அப்படியே வைத்துக்கொண்டு புதியதோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் முறையை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்: எண்கள் ஓட்டத்துக்கு ஓட்டம் மாறும், அவற்றை மறைத்துவிட்டு ஒப்பிட்டாலோ, சோதிக்க வந்த விஷயமே மறைந்துபோகும். மீதியிருப்பவை இரண்டு: கடிகாரத்தைப் பொய்யாக அமைப்பது, வேண்டுமென்றே தாமதிக்கும் பின்புலச் சர்வரை வைத்து எண்களுக்கிடையிலான சம்பந்தத்தைச் சோதிப்பது.

நேரக் கணக்கைப் போடும் பைத்தன் ஸ்கிரிப்ட் மட்டுமே உங்களுடையதாயின், முதல் வழிக்கு மிட்ம்-புறொக்ஸி என்ற புறொக்ஸி போதும். மாறாத நேரமுத்திரைகள் கொண்ட பொய்க் கோரிக்கைகளை அதன் சோதனைக் கருவிகளே தருவதால், வலையமைப்பின்றிக் கணத்தில் சோதனை முடியும்.

உண்மையான போக்குவரத்தைத் தாங்குவதற்கு, இரண்டாம் வழியோடு எச்.ஏ.புறொக்ஸியே என் தேர்வு. அரை விநாடி தாமதிக்கும் பின்புலத்தோடு அதன் பதிவில் 2/0/1/503/507 என்று வருவதாகக் கொள்வோம்: கோரிக்கையைப் பெற்றது, வரிசையில் காத்தது, பின்புலத்தோடு இணைந்தது, பதிலுக்குக் காத்தது, மொத்தம். முதல் நான்கின் கூட்டுத்தொகை 506. அது மொத்தத்தை மிஞ்சலாகாது. நான்காம் எண் 490க்குக் குறையக்கூடாது என்று எழுதுங்கள். மேல்வரம்பைத் தாராளமாக விடுங்கள், ஏனெனில் சோதனை ஓடும் இயந்திரம் வேறு வேலையில் மூழ்கியிருக்கும் நாளில் நியாயமான நிரலும் தோற்கும். வார்னிஷ் சோதனைக் கருவியின் வழிவந்த விடெஸ்டில் இத்தாமதத்தை ஒரே வரியில் அமைக்கலாம்; பதிவின் வடிவத்தையும் அதிலேயே சரிபார்க்கலாம். கூட்டிப் பார்ப்பதற்கு மட்டும் தனி நிரல் வேண்டும்.

லூவா மொழியில் விரிவாக எழுத விரும்புவோர் ஓப்பன்ரெஸ்டி சர்வரை நாடுவர். அதன் வேகமும் சுதந்திரமும் மெச்சத்தக்கவை. எனினும் அங்கே நேரத்தைக் கேட்டால் கிடைப்பது சேமித்துவைத்த நேரம். நிகழ்வுச் சுழற்சி அடுத்த முறை திரும்பும் வரை அது நகராது; எனவே இடைவிடாமல் நீண்ட கணக்கைச் செய்த ஸ்கிரிப்ட், தான் எடுத்துக்கொண்ட காலம் சுழி என்று நேர்மையோடே எழுதிவைக்கும். அளப்பதற்கு முன்னும் பின்னும் நேரத்தைப் புதுப்பிக்கும் கட்டளையை இட்டிருக்கிறோமா என்பதற்கே ஒரு சோதனை தேவை.

எதைத் தேர்ந்தாலும், பின்புலத்தோடு இணைப்பே கிட்டாத கோரிக்கை ஒன்றையும் சோதனையில் சேருங்கள். எச்.ஏ.புறொக்ஸி இணைப்பு நேரத்தின் இடத்தில் -1 என்று எழுதும். அதையும் ஒரு காலமாக எண்ணிச் சராசரியில் சேர்க்கும் ஸ்கிரிப்ட், சர்வர் விழுந்த நாளில் வேகம் கூடிவிட்டதாகக் காட்டும்.