வைகைக் கரையில் நீராவி யானை: வீட்டில் போர் விளையாட்டுத் தொடர் நடத்தச் சில குறிப்புகள்

விக்டோரியா மகாராணி காலத்தைக் களமாக வைத்து, நீராவி எந்திரங்களையும் செவ்வாய்க் கிரகத்தாரையும் மோதவிடும் மேசை விளையாட்டு மேல்நாடுகளில் பிரபலம். ஒரு கட்சிக்கு ஏழெட்டு பொம்மை, ஒரு இஞ்ச் டேப், லூடோ பகடை இரண்டு இருந்தால் போதும். ஓர் ஆட்டத்தின் முடிவு அடுத்த ஆட்டத்தைப் பாதிக்கும்படி கோத்துவிட்டால் அது தொடர். பள்ளி விடுமுறையில் மதுரையை அடுத்த வாடிப்பட்டியில் வீட்டுத் திண்ணையிலேயே இதை நடத்தலாம்.

1. முதலில் வருடத்தை முடிவு செய்யுங்கள். 1899 என் தேர்வு. மதுரைக்கு ரயில் வந்தது 1875-ல். பெரியாறு அணை திறக்கப்பட்டது 1895 அக்டோபரில். கொடைக்கானல் மலையில் சூரிய ஆய்வகம் அமைந்தது 1899-ல். நீராவி, அணை, கால்வாய், தொலைநோக்கி எல்லாம் வாடிப்பட்டியைச் சுற்றியே இருந்த வருடம் அது. லண்டன் பனிமூட்டத்தைக் கடன் வாங்க வேண்டியதில்லை.

2. சண்டை எதற்காக என்பதுதான் தொடரின் உயிர். புதையல், வைரம் என்று போனால் மூன்றாவது ஆட்டத்தில் சலித்துவிடும். தண்ணீரை வையுங்கள். 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சத்தில் மதுரைச் சீமை பட்டினியால் செத்தது. அதன் பிறகுதான் பெரியாற்றைக் கிழக்கே திருப்பும் பழைய திட்டத்துக்கு வேகம் வந்தது. 1887-ல் பொறியாளர் பென்னிகுக் அணை வேலையைத் தொடங்கினார். பஞ்சத்தின் நடுவே, 1877-ல், இத்தாலிய வானியலாளர் ஷியாபரெல்லி செவ்வாயில் கோடு கோடாக ஏதோ தெரிகிறது என்றார். 1895-ல் அமெரிக்கரான லோவல், அவை கால்வாய்களே என்றும், வறண்டுபோகும் கிரகத்தில் அறிவுள்ள உயிர்கள் வெட்டியவை என்றும் புத்தகமே எழுதினார். அவர் சொன்னது தவறு என்று பின்னால் தெரிந்தது. ஆனால் பெரியாற்றுத் தண்ணீர் வறண்ட மதுரைக்கு வந்த அதே வருடத்தில் இப்படி ஒரு புத்தகம் வந்திருக்கிறது! காய்ந்த கிரகத்தார், பெரியாற்றுத் தண்ணீர் கால்வாயாகப் பிரியும் பேரணையைத் தேடி வர இதைவிட நல்ல காரணம் வேறு வேண்டாம்.

3. வரைபடத்தை ஒரு சார்ட் பேப்பரில் போட்டுச் சுவரில் ஒட்டுங்கள். வடக்கே சிறுமலை, தெற்கே வைகை, நடுவில் ரயில் பாதை. பேரணையில் பிரியும் பெரியாறு பிரதானக் கால்வாயை நீலக் கோடாக வரைந்து வாடிப்பட்டி, கள்ளந்திரி, மேலூர் என்று வரிசையாகப் புள்ளி வையுங்கள். ஓர் ஊரில் ஜெயித்தவர் அந்தப் புள்ளியில் தன் நிறக் குண்டூசியைக் குத்தலாம். மேல்மடையை வைத்திருப்பவர் நினைத்தால்தான் கடைமடைக்குத் தண்ணீர் போகும் என்ற விதி ஒன்றே போதும், பேரம், கூட்டணி, துரோகம் எல்லாம் தானாக வந்துவிடும்.

4. கட்சிகள் மூன்று இருக்கட்டும். முதலாவது, கால்வாயைக் காக்கும் ஊர்க்காரர்கள்: மடைக்காவல்காரர், வண்டியோட்டி, ரயில்வே ஃபிட்டர். இரண்டாவது செவ்வாய்க்காரர்கள், எச்.ஜி. வெல்ஸ் 1898-ல் வெளியிட்ட ‘உலகங்களின் போர்’ நாவலில் வரும் மூன்று கால் எந்திரங்களை அவர்களுக்குக் கொடுக்கலாம். மூன்றாவதுக்கு நாவலாசிரியர் ழூல் வெர்ன் உதவுவார். அவருடைய கதாபாத்திரமான கேப்டன் நெமோ புந்தேல்கண்ட் இளவரசர் தக்கர் என்று 1875-ல் வந்த ‘மர்மத் தீவு’ சொல்கிறது. 1880-ல் எழுதிய ‘நீராவி வீடு’ நாவலில் வட இந்தியா முழுக்க ஓர் இரும்பு யானை வண்டிகளை இழுத்துக்கொண்டு போகிறது. நெமோவின் சீடர் ஒருவர் அந்த யானையோடு தெற்கே வந்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைச் சிப்பாய்கள் ஜெயிப்பதற்கும் நம் ஆட்கள் சாவதற்குமாகக் கதை எழுதவே கூடாது. அணை வேலையில் காலராவிலும் மலேரியாவிலும் மாண்டவர்கள் பலர். ஆகவே ஊர்க்காரர் கட்சிக்குத்தான் நல்ல விதிகள் சேர வேண்டும்.

5. களம் மூன்றடிக்கு மூன்றடி போதும். கட்டில் மேல் போடும் பிளைவுட் பலகை சரியாக இருக்கும்.

6. பொம்மைக்குப் பெரிய செலவு வேண்டாம். திருவிழாக் கடையில் பாக்கெட்டாக விற்கும் பிளாஸ்டிக் சிப்பாய்களை வாங்கி, சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்த பிறகு பெயிண்ட் அடியுங்கள். கழுவாவிட்டால் பெயிண்ட் உரிந்துவிடும். வளைந்த துப்பாக்கியைச் சுடுதண்ணீரில் முக்கி நிமிர்த்தி, உடனே பச்சைத் தண்ணீரில் வைத்தால் நேராக நிற்கும். தலைப்பாகைக்கு எம்-சீல் நல்லது. விளாச்சேரிக்குப் போகிறவர்கள் கொலு செட்டுகளில் உள்ள சின்ன மண்பொம்மைகளைப் பாருங்கள். ஊர்க்காரர் கட்சிக்கு அதைவிடப் பொருத்தம் கிடையாது. எல்லாப் பொம்மையும் ஏறக்குறைய ஒரே உயரமாக இருக்க வேண்டும்.

7. ஒவ்வொரு பொம்மையின் அடியிலும் ஹார்டுவேர் கடை இரும்பு வாஷர் ஒன்றை ஒட்டுங்கள். சித்திரை வெயிலில் மின்விசிறி இல்லாமல் யாரும் விளையாட முடியாது. வாஷர் இல்லாத பொம்மை அந்தக் காற்றில் நிற்காது. வாஷர் மேல் ஃபெவிகால் தடவிக் கோலமாவைத் தூவினால் செம்மண் தரை மாதிரி சொரசொரப்பாகும். காய்ந்ததும் காவி நிறம் கொடுக்கலாம்.

8. நீராவி யானைக்கு உடம்பு ஒரு காலி மாத்திரை டப்பா. கால்கள், தீர்ந்துபோன ஸ்கெட்ச் பேனாவை நான்காக நறுக்கிய துண்டுகள். தும்பிக்கைக்கு வளையும் ஸ்ட்ரா. வெர்ன் கதையில் புகை தும்பிக்கை வழியாகத்தான் வரும். ஆகவே அதன் நுனியில் கொஞ்சம் பஞ்சைச் செருகி, கரித்தூள் தடவுங்கள். காதுக்கு அட்டை. இனி முக்கியமான வேலை: இரும்புத் தகடுகளை இணைக்கும் ரிவெட். பல்குத்தும் குச்சி நுனியால் ஃபெவிகால் புள்ளிகளை வரிசையாக வைத்து, புள்ளிக்கு ஒரு கேழ்வரகு மணியை உட்காரவையுங்கள். கறுப்பு பெயிண்ட் முழுக்க அடித்துக் காயவிடுங்கள். பிறகு பித்தளை நிறத்தைப் பிரஷில் தொட்டு, பழைய நியூஸ்பேப்பரில் நன்றாகத் துடைத்துவிட்டு, மிச்சமிருக்கும் ஈரத்தை மட்டும் மேலாகத் தேய்த்தால் மணிகள் ஒவ்வொன்றும் ரிவெட்டாகத் துருத்திக்கொண்டு தெரியும். மூட்டுகளில் காவிப்பொடிக் கரைசலை ஒரு சொட்டு விட்டால் துரு. கடைசியில் வார்னிஷ் அடிக்காவிட்டால் கேழ்வரகில் வண்டு வரும்.

9. செவ்வாய் எந்திரத்துக்குச் சின்னச் சிரட்டை ஒன்றும் பழைய சைக்கிள் கம்பி மூன்றும் போதும். கம்பி முனைகளை அரத்தால் மழுக்கிவிட்டுக் குழந்தைகளிடம் கொடுங்கள்.

10. மலைக்கு டிவி பெட்டியில் வரும் தெர்மாகோல். ஸ்பிரே பெயிண்டும் தின்னரும் பட்டால் அது கரைந்து குழியாகிவிடும். முதலில் ஃபெவிகால் கலந்த தண்ணீர் பூசி, காய்ந்த பிறகு அக்ரிலிக் பெயிண்ட் மட்டும் அடியுங்கள். கூரைக்குத் தேங்காய் நார், வேலிக்கு விளக்குமாற்றுக் குச்சி, புல்லுக்குப் பச்சை நனைத்த மரத்தூள். 1913-ல் ‘சிறு போர்கள்’ என்று பொம்மைச் சிப்பாய் ஆட்டத்துக்கே விதிநூல் போட்ட வெல்ஸும் வீட்டில் கிடந்த மரக்கட்டைகளைத்தான் தரையில் அடுக்கிக் களமாக்கினார்.

11. யார் முறை என்பதற்குப் புளியங்கொட்டை. ஒரு கட்சிக்குச் சிவப்பு நெயில் பாலிஷ், ஒன்றுக்கு வெள்ளை, ஒன்றுக்குப் பச்சை. பொம்மைக்கு ஒரு கொட்டை வீதம் சொம்பில் போட்டுக் குலுக்குங்கள். எந்த நிறம் கைக்கு வருகிறதோ அந்தக் கட்சி ஒரு பொம்மையை இயக்கலாம். நடை 6 அங்குலம், துப்பாக்கி 18 அங்குலம். பகடையில் 4 அல்லது அதற்கு மேல் விழுந்தால் அடி. எதிரி சுவரோ மரமோ மறைவாக வைத்திருந்தால் குறைந்தது 5 வேண்டும். யானையை நகர்த்தும் முன் ஒரு பகடை உருட்டுங்கள். 1 விழுந்தால் கொதிகலனில் அழுத்தம் போய் நின்றுவிடும். பக்கத்தில் ஓர் ஆள் நின்று விறகு போட்டால்தான் மறுபடி கிளம்பும்.

12. மளிகைக் கடை நீளக் கணக்குநோட்டு ஒன்று வாங்கி, ஒவ்வொரு பொம்மைக்கும் பெயர் வைத்துப் பக்கம் ஒதுக்குங்கள். விழுந்தவருக்கு ஆட்டம் முடிந்ததும் பகடை: 1 என்றால் தொடரைவிட்டே போனார், 2, 3 என்றால் அடுத்த ஆட்டத்துக்கு ஓய்வு, அதற்கு மேல் என்றால் பிழைத்து வந்தார். மூன்று ஆட்டம் தப்பியவருக்கு ஒரு பட்டமும் கூடுதலாக ஓர் அங்குல நடையும் கொடுக்கலாம். பிள்ளைகள் இந்த நோட்டை ஆட்டத்தைவிட ஆசையாகப் படிப்பார்கள்.

13. ஐந்து ஆட்டத்துக்கு மேல் நீட்ட வேண்டாம். கொடைரோடு ஸ்டேஷனில் கொடைக்கானல் ஆய்வகத்துக்குப் போகும் தொலைநோக்கிக் கண்ணாடிப் பெட்டியைக் கைப்பற்றுவது முதல் ஆட்டம். சிறுமலை அடிவாரம், குட்லாடம்பட்டி அருவிப் பக்கம் விழுந்த விண்கலம் இரண்டாவது. மூன்றாவது ரயில் பாதையில், நான்காவது கால்வாய்க் கரையில். கடைசி ஆட்டம் பேரணை ஷட்டரில், இரவில். இருட்டு என்பதால் துப்பாக்கி தூரம் பாதி.

14. எடுத்துவைக்கும்போது பெட்டியில் அந்துருண்டை போடாதீர்கள். அதன் ஆவி தெர்மாகோலையும் சில வகைப் பிளாஸ்டிக்கையும் இளக்கிவிடும். காய்ந்த வேப்பிலை போடுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் பரணில் வைத்தால் கோடையில் துப்பாக்கிகளெல்லாம் வளைந்துபோகும். கட்டிலுக்கு அடியில் தள்ளி வையுங்கள்.