வெப்பக் கணக்கில் இறங்கும் பிள்ளைகளுக்கு

கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் முடித்துவிட்டு, யாழ் குடாநாட்டில் வீணாகும் வெப்பத்தைக் கொண்டு எரிபொருளை மிச்சம் பிடிக்க வழி தேடி வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லிவருபவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

1. குளிர்நாட்டுப் படத்தை மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். 1973 எண்ணெய் நெருக்கடியில் அடிபட்ட டென்மார்க், 1979இல் வெப்ப வழங்கல் சட்டம் கொண்டுவந்தது. யாருக்கு எவ்வளவு வெப்பம் வேண்டும், எங்கே அது வீணாகப் போகிறது என்று அங்குள்ள உள்ளூராட்சி சபைகள் கணக்கெடுத்தன. இன்று ஏறத்தாழ மூன்றில் இரண்டு வீடுகளுக்கு நிலத்தடிக் குழாயில் சுடுதண்ணீர் வருகிறது. அங்கே உங்களுக்குச் சொந்தக்காரர் இருந்தால் கேட்டுப் பாருங்கள். வீட்டைச் சூடாக்கும் தேவை யாழ்ப்பாணத்தில் இல்லை. அந்தக் குழாய் நமக்கு வேண்டாம்; அந்தக் கணக்கெடுப்பு கட்டாயம் வேண்டும்.

2. தேவையைக் கேட்கும்போது பாகையையும் கேளுங்கள். குளிக்க 40 பாகை போதும். உணவகத்தில் பாத்திரம் கழுவ 60. ஆஸ்பத்திரிக் கருவிகளில் கிருமி நீக்க 121 பாகை நீராவி. பாண் போறணைக்கு 200க்கு மேல். கிலோவாட் மட்டும் எழுதிய குறிப்பு பாதிக் குறிப்புத்தான்.

3. பனையில் இறக்கும் கருப்பநீரைக் காய்ச்சுவதை வைத்து இதைப் படியுங்கள். இதைவிட நல்ல பாடம் நம் மண்ணில் இல்லை. 10 லீற்றர் கருப்பநீரில் சீனி ஒரு கிலோவைச் சற்றே தாண்டும். மிச்சமெல்லாம் ஆவியாகப் போகவேண்டிய தண்ணீர். பனங்கட்டிப் பதம் வரும்வரை காய்ச்ச ஏறத்தாழ 22 மெகாயூல் வெப்பம் அதற்குள் இறங்கவேண்டும். இதில் 30 பாகையிலிருந்து 85 பாகை வரை ஏற்றுவதற்குச் செல்வது 2 மெகாயூலை ஒட்டியதுதான். மீதியில் மிகப் பெரும்பகுதி ஆவியாக்கவே போகிறது. ஆகவே டீசல் இயந்திரத்தைக் குளிர்த்தி வருகிற 85 பாகைத் தண்ணீரைக் காட்டி, பனங்கட்டிக்கு இனி விறகே வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். விறகில் பத்தில் ஒரு பங்கு மிஞ்சும், அவ்வளவே. அடுப்பைத் திருத்துவதில் இதைவிடப் பெரிய ஆதாயம் உண்டு. திறந்த அடுப்பில் விறகின் வெப்பத்தில் பெரும்பகுதி புகையோடு போய்விடுகிறது. அடுப்பை அடைத்துக் கட்டி, புகைபோக்கிக்குப் போகும் வழியில் இரண்டாவது தாச்சியை வைத்தால், முதல் தாச்சியைத் தாண்டிய வெப்பம் அடுத்துக் காய்ச்சவுள்ள கருப்பநீரைச் சூடாக்கும். இருக்கிற வெப்பத்தை ஏற்ற வேலையோடு சேர்ப்பது என்பது இதுதான்.

4. நேரம் பொருந்தாவிட்டால் எதுவும் பொருந்தாது. சுன்னாகத்தில் 2013இல் திறந்த உத்துரு ஜனனி மின்நிலையம் 24 மெகாவாட் வலுவுடையது. அந்த மின்சாரத்தைத் தரும்போது அதைவிடக் கூடுதலான வெப்பம் புகையிலும் குளிர்த்தும் தண்ணீரிலும் வெளியேறும். கேட்டவுடன் ஆசை வரும். ஆனால் அது எத்தனை மணித்தியாலம் ஓடும் என்பதைத் தீர்மானிப்பது நாட்டின் மின்தேவை. அது ஓடாத நாளில் உங்களை நம்பி அடுப்பைக் கழற்றியவர் என்ன செய்வார்? பேக்கரிப் போறணை இரவில் எரியும்; அதன் செங்கல் விடிந்த பிறகும் சுடும். பக்கத்து உணவகத்துக்கு விடியற்காலையில் சுடுதண்ணீர் வேண்டும். இந்தச் சின்னச் சோடியில் எனக்கு நம்பிக்கை அதிகம்.

5. ஒழுங்கையைத் தாண்டித் தேடும் முன் ஒரே கட்டடத்துக்குள் தேடுங்கள். நகரத்து விடுதிகளில் ஏசி வெளியே வெப்பத்தைத் தள்ளிக்கொண்டிருக்க, அதே அறையின் குளியலறையில் கீசர் மின்சாரம் குடிக்கும். ஒரு சாதாரண அறை ஏசி, 3.5 கிலோவாட் அளவு குளிர்த்தும்போது, ஏறத்தாழ 4.5 கிலோவாட் வெப்பத்தை வெளியே விடுகிறது. அதில் பாதியைப் பிடித்தாலே மணிக்கு 80 லீற்றர் தண்ணீரை 28 பாகையிலிருந்து 50 பாகைக்கு ஏற்றலாம். ஏசி இரவில் ஓடும், குளியல் காலையில். நல்ல உறை போட்ட தாங்கி ஒன்று இடையில் வேண்டும்.

6. நெடுந்தீவை மறக்காதீர்கள். அங்கே மின்சாரத்துக்கு டீசல் இயந்திரம் ஓடுகிறது, குடிநீருக்குச் சனம் தவிக்கிறது. காற்றழுத்தத்தைக் குறைத்த கலன்களில் உவர்நீரை 70 பாகைக்குள்ளேயே வடிக்கலாம். இயந்திரத்தின் சுடுதண்ணீர் அதற்குப் போதும். வளைகுடா நாடுகளில் மின்நிலைய வெப்பத்தில் கடல்நீரை நன்னீராக்குவது பல்லாண்டு வழக்கம். வெப்பமும் தேவையும் அருகருகே இருக்கிற இடம் இது. சூரிய மின்சாரம் வளர்ந்து டீசல் குறையுமுன் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

7. கிணற்றைத் தொடாதீர்கள். நம் நிலத்தடி வெடிப்பு நிறைந்த சுண்ணக்கல். வற்றாத ஆறு இல்லாத ஊருக்கு அந்தத் தண்ணீர்தான் எல்லாம். சுன்னாகக் கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கில் 2019இல் உச்ச நீதிமன்றம் ஒரு தனியார் மின் நிறுவனத்தை 2 கோடி ரூபா கட்டச் சொன்னது. சூடான கழிவுநீரையோ குளிர்த்தித் திரவத்தையோ நிலத்தில் விடும் எந்தத் திட்டத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள், ஆதாயம் எவ்வளவானாலும்.

8. கணினியைத் திறக்குமுன் சைக்கிளை எடுங்கள். உங்கள் பிரதேச சபை எல்லைக்குள் உள்ள பேக்கரி, ஐஸ் தொழிற்சாலை, அரிசி ஆலை, விடுதி, ஆஸ்பத்திரி ஒவ்வொன்றிலும் பாகை, நேரம், அளவு, எரிபொருள் என்ற நான்கையும் எழுதுங்கள். எழுதியதில் ஒரு பிரதியைப் பிரதேச சபையில் கொடுங்கள், இன்னொன்றை அடுத்து வரும் மாணவருக்கு வையுங்கள். ஒரு பிரதேச சபையின் பட்டியலாவது இந்த வருடம் முடியுமுன் கையில் இருக்கட்டும்.