முன் வீல் ஒரு பக்கம் ஒதுங்கினால்

பழைய ராடு பிரேக் சைக்கிளில் முன் வீல் ஒரு பக்கமாக ஒதுங்கினால் முதலில் கத்துவது பிரேக் கட்டைதான். அந்தக் கட்டைகள் ரிம்மின் உள்முகத்தில், கம்பி வரிசைக்கு இருபுறமும் கீழிருந்து மேலே அழுத்துபவை. ரிம் கொஞ்சம் நகர்ந்தாலும் ஒரு கட்டை கம்பியை உரசும். கட்டையை வளைத்துச் சத்தத்தை நிறுத்திவிடலாம், கோளாறு அப்படியே இருக்கும்.

தூத்துக்குடியில் துறைமுகச் சாலையிலும் உப்பளக் கரையிலும் ஓடித் தேய்ந்தது என் 28 அங்குல வண்டி. வீல் வலது ஃபோர்க்கை ஒட்டி நின்றது. கோன் லூஸா என்று ரிம்மைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன், ஆட்டமில்லை. ரிம் சுற்றும்போது வளையவுமில்லை. அதனால் பெண்டும் இல்லை. கடை அண்ணாச்சி ஸ்போக்ஸ் சாவியைத் தேடவே இல்லை. "கழத்தித் திருப்பி மாட்டிப் பாரு தம்பி. பெறவு சாவியத் தொடலாம்" என்றார்.

அச்சின் வலமுனை இடப்பக்கம் வரும்படி வீலை மாற்றிப் போடுவதுதான் சோதனை. ஒதுக்கம் இடப்பக்கத்துக்கு மாறினால் குற்றம் வீலில். மாறாமல் வலப்பக்கமே நின்றால் ஃபோர்க்கிலோ, அச்சு உட்காரும் காடியிலோ.

என் வண்டியில் மாறவில்லை. வலது காடியின் உள்ளே துருக்கட்டி. அச்சு அந்தப் பக்கம் ஒரு மில்லிமீட்டர் ஏறாமல் நின்றால், மேலே ரிம் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் சாய்ந்துவிடும். அரத்தால் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தோம். நட்டு முடுக்கும்போது வண்டியைக் கவிழ்த்து வைக்காதீர்கள். நிமிர்த்தி நிறுத்தி, ஹேண்டில்பாரை அழுத்திக்கொண்டு இரு நட்டையும் மாறி மாறி முடுக்கினால் அச்சு தானாக அடியில் போய் உட்காரும்.

ஃபோர்க்கே வளைந்திருந்தால் வீட்டில் நிமிர்த்த வேண்டாம். வளைவில் பெயின்ட் வெடித்திருந்தால் மாற்றிவிடுவதே நல்லது.

குற்றம் வீலில் என்றால்தான் கம்பி வேலை. முன் வீலில் 32 கம்பி, பக்கத்துக்கு 16. ரிம் வலப்பக்கம் ஒதுங்கியிருந்தால், வலது கம்பிகள் எல்லாவற்றையும் கால் சுற்றுத் தளர்த்தி, இடது கம்பிகள் எல்லாவற்றையும் கால் சுற்று முடுக்கி, பிறகு பாருங்கள். போதாவிட்டால் இன்னொரு கால் சுற்று. முடிந்ததும் ரிம்முக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி முனையை ராவிவிடுங்கள், இல்லையேல் டியூப் போகும்.

இந்தக் கரையில் அதற்கும் முன்னால் ஒரு தடை உண்டு. முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுபோனது, ஊருக்குப் பெயர் மட்டும் இன்னும் முத்துநகர், உப்புக்குக் குறைவில்லை. பித்தளை நிப்பிளும் இரும்புக் கம்பியும் அந்த உப்பில் ஒட்டிக்கொள்ளும். சாவி போட்டால் நிப்பிளோடு கம்பியும் முறுக்கி, டப்பென்று அறும். முந்தின இரவே நிப்பிள்தோறும் ஒரு சொட்டு மண்ணெண்ணெய் விடுங்கள். முறுக்குகிறதா என்று கம்பியை விரலில் பிடித்துக்கொண்டே திருப்புங்கள்.

உப்பளப் பக்கம் ஓட்டுகிறவர்கள் வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் வீலைக் கழுவி, காய்ந்ததும் நிப்பிளுக்கு எண்ணெய் விடுங்கள். பிரேக் கட்டை படும் இடத்தில் மட்டும் எண்ணெய் வேண்டாம்.