கோட்லாவிலிருந்து கணினிக்கு

2010ஆம் ஆண்டில் ஐ.பி.எல். கிரிக்கெட் ஆட்டங்கள் முதன்முறையாக யூடியூப் தளத்தில் நேரலையாக வெளிவந்தன. மார்ச் 19 அன்று தில்லி பெரோஸ் ஷா கோட்லா திடலில் சென்னை அணியின் ஹேடன் 93 ஓட்டங்கள் குவித்தார். கரோல் பாக்கிலிருந்து அத்திடல் சில கிலோமீட்டர் தொலைவே. ஆயினும் இணையவழிக் காட்சி எளிதில் வந்து சேராது. நொடிக்கு 256 கிலோபிட் வேகம் இருந்தாலே அந்நாளில் அது அகலக்கற்றை! காட்சி சிறு துண்டுகளாக வந்து கணினியில் சேர்ந்த பின்னரே ஓடும். துண்டு வரத் தாமதித்தால், ஓங்கிய மட்டையுடன் ஹேடன் உறைந்து நிற்பார். அதற்குள் அடுத்த வீட்டுத் தொலைக்காட்சியின் முன் ஆரவாரம் எழுந்துவிடும். பந்து எல்லையைத் தாண்டியதா, ஆட்டக்காரர் வீழ்ந்தாரா? சென்னை அணி 5 விக்கெட் வேறுபாட்டில் வென்ற செய்தியும் சுவரைத் தாண்டியே முதலில் வந்திருக்கும்.

சொற்பொருள்: திடல் – மைதானம், உறைதல் – அசையாது நிற்றல்.

வினா: ஆரவாரம் முன்னும் காட்சி பின்னும் வந்தது ஏன்?