கணிப்பொறிக்குள் ஓடும் தண்ணீர்

வெள்ளறடைப் பக்கம் பள்ளத்தில் கிணறும் மேட்டில் வீடும் உள்ளவர்கள், தண்ணீர் எத்தனை மீட்டர் உயரம் ஏற வேண்டும் என்று கணக்குப் பார்த்துத்தான் மோட்டார் வாங்குவார்கள். பிள்ளைகளின் கணிப்பொறிக்குத் தண்ணீர்க் குளிரூட்டல் அமைக்கும்போதும் அதே கணக்கைப் போட்டால் வீண்செலவுதான் மிஞ்சும்.

கணிப்பொறியில் இருப்பது மூடிய சுற்று. பம்பு தள்ளும் தண்ணீர், சிப்பின் மேல் பதித்த செப்புக் கட்டிக்குள் நுழைந்து சூட்டை வாங்கி, ரேடியேட்டரில் அதை விட்டுவிட்டு மீண்டும் பம்புக்கே வருகிறது. ஏறிய உயரமெல்லாம் இறங்கியும் விடுவதால், குழாய்கள் நிரம்பியபின் உயரம் கணக்கில் வராது. பம்பு எதிர்த்துப் போராடுவது தடையை மட்டுமே. அந்தத் தடையில் பெரும்பங்கு செப்புக் கட்டிக்குள் மயிரிழை போன்ற இடுக்குகளில்தான். மற்ற இடத்தில் எவ்வளவு அகலமான ஓஸ் போட்டாலும் பெரிய பலன் இராது. ஒரே வரிசையில் ஓடும் தண்ணீர் எல்லா இடத்திலும் ஒரே அளவுதான்.

இவ்வகையில் பெயர்பெற்ற டி5 பம்பு தடையே இல்லாவிட்டால் மணிக்கு 1500 லிட்டர் தள்ளும். அதன் உச்ச அழுத்தம் 3.9 மீட்டர் தண்ணீர் உயரத்துக்குச் சமம். சுற்றில் மாட்டியபின் 200, 250 லிட்டர் ஓடினாலே நல்ல ஓட்டம். அதை இரட்டிப்பாக்க ஏறத்தாழ மூன்று, நான்கு மடங்கு அழுத்தம் வேண்டும்.

அவ்வளவு செலவு தேவையா? கணக்குப் பார்ப்போம். 400 வாட் சூட்டை மணிக்கு 240 லிட்டர் தண்ணீர் சுமந்தால் அதன் வெப்பம் சுமார் 1.4 டிகிரி உயரும். ஓட்டம் பாதியானால் 2.9 டிகிரி. வித்தியாசம் ஒன்றரை டிகிரிதான்! இதற்காகப் பெரிய பம்பு வாங்குவதைவிட ரேடியேட்டரைப் பெரிதாக்குவது மேல். 'வேகமாக ஓடினால் தண்ணீருக்குச் சூடு பிடிக்க நேரம் இராது' என்று சிலர் சொல்வது தவறு. அதே தண்ணீர்தானே விரைவில் திரும்பி வருகிறது.

இரண்டு செப்புக் கட்டிகளை இரு கிளையாகப் பிரித்து மாட்டினால் மொத்தத் தடை குறையும். ஆனால் தண்ணீர் எளிய வழியைத் தேடும். ஒரு கிளை அடைத்துக்கொண்டால் மற்றதன் வழியே ஓடிவிடும். பம்பும் வழக்கம்போல் இரையும், உள்ளே ஒரு சிப் மட்டும் வெந்துகொண்டிருக்கும். வரிசையில் மாட்டினால் அடைப்பு ஓட்டம் முழுவதையும் குறைப்பதால் உடனே தெரிந்துவிடும். (நெய்யாறு இடதுகரைக் கால்வாயில் விளவங்கோட்டுக்கு வந்த தண்ணீர் 2004இல் நின்றுபோனது வேறு வகைத் தடை, அதைப் பம்பு தீர்க்காது!)

அடைப்பு எப்படி வருகிறது? எவ்வளவு தெளிவாக இருந்தாலும் நம் கிணற்று நீரில் உப்பும் மண்துகளும் உண்டு. காய்ச்சி வடித்த நீரும் அரிப்பைத் தடுக்கும் மருந்துமே ஏற்றவை. செப்புக் கட்டியுடன் அலுமினிய ரேடியேட்டரைச் சேர்க்கவே கூடாது. அலுமினியம் அரித்து, அந்தக் கசடு நேரே மயிரிழை இடுக்குகளில் போய்த் தங்கும்.

புணே ஐசர் நிறுவனத்தில் 2019இல் அமைந்த 'பரம் பிரம்மா' மீக்கணிப்பொறியையும் தண்ணீர்தான் குளிரூட்டுகிறது. அங்கே கவனிக்க ஆட்கள் உண்டு. வீட்டில் நாம்தான் பார்க்க வேண்டும். புதிதாக அமைத்த நாளில், முழு வேலை செய்யும்போது சிப்பின் வெப்பம் எவ்வளவு, அறையின் வெப்பம் எவ்வளவு என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சில மாதம் கழித்து இரண்டுக்குமுள்ள இடைவெளி ஏழெட்டு டிகிரி கூடியிருந்தால், முதலில் ரேடியேட்டரின் தூசியைத் தட்டுங்கள். அப்படியும் இறங்காவிட்டால், பம்பை மாற்றுமுன் செப்புக் கட்டியைத் திறந்து பாருங்கள்.