ஃபிளாட் எடுத்தாயா?

அன்புள்ள கதிர்,

நீ அனுப்பிய ஓரியன் நெபுலா படத்தின் இடது மூலையில் வளையமாக ஒரு நிழல் இருக்கிறதே, அது வானத்தில் இருப்பதல்ல. சென்சாருக்கு முன்னால் உள்ள கண்ணாடியில் ஒட்டிய தூசி. உன் தொலைநோக்கியின் குழாய்க்குள் நடுவில் சின்ன ஆடி ஒன்று ஒளியை மறைப்பதால், நிழலும் நடுவில் ஓட்டையோடு விழுகிறது.

இந்த நிழலை நீக்கத்தான் ஃபிளாட் என்ற படம். பெரிய தொலைநோக்கிகளுக்கும் அது வேண்டும். பெங்களூரை அடுத்த ஹொசகோட்டேயில் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் வளாகம் இருக்கிறது. லடாக்கின் ஹான்லேயில், 4,500 மீட்டர் உயரத்தில் நிற்கும் 2 மீட்டர் இமாலயச் சந்திரா தொலைநோக்கியைச் செயற்கைக்கோள் வழியாக இங்கிருந்தே இயக்குகிறார்கள். 2023 மே மாதம் எம்101 விண்மீன் மண்டலத்தில் தெரிந்த சூப்பர்நோவாவை அது தொடர்ந்து படமெடுத்தது. நாளுக்கு நாள் ஒளி எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று அளக்கும்போது, பிக்சலுக்குப் பிக்சல் உள்ள வேறுபாடு அதில் கலந்துவிடக் கூடாது. அதற்குத்தான் ஃபிளாட். இருட்டுவதற்குச் சற்று முன், வானம் சீராக வெளுத்திருக்கும்போது எடுக்கும் படம் அது. ஒவ்வொரு படத்துக்கும் தொலைநோக்கியைக் கொஞ்சம் நகர்த்த வேண்டும். தப்பித்தவறி விண்மீன் விழுந்தாலும் ஒரே பிக்சலில் விழாது.

இந்த ஃபிளாட்டால் உன் படத்தை வகுக்க வேண்டும். ஆனால் முதலில் பயஸைக் கழித்தாக வேண்டும். ஒளியே படாதபோதும் சென்சார் காட்டும் எண் அது. 1,000 என்று வைத்துக்கொள். ஃபிளாட்டில் நல்ல பிக்சல் 21,000, தூசி பட்ட பிக்சல் 20,000. உன் படத்தில் அவை 2,000, 1,950. பயஸைக் கழித்தால் தூசிப் பிக்சலின் ஃபிளாட் விகிதம் 0.95, 950-ஐ அந்த விகிதத்தால் வகுத்தால் 1,000. பக்கத்துப் பிக்சலும் 1,000. சரியாகிவிட்டது. கழிக்காமல் வகுத்துப் பார்: 1,950-ஐ 0.952-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 2,048. பக்கத்தில் 2,000. கறுப்பாக இருந்த இடம் வெளுத்துவிடும்! அப்படி வெளுத்த வளையத்தைப் பார்த்தால் தூசியைத் தேடாதே, பயஸைத் தேடு.

மேகம் மூடும் பெங்களூரில் அந்தி வானத்தை நம்ப முடியாது. குழாய் வாயில் வெள்ளைத் துணியைச் சுருக்கமில்லாமல் கட்டி, சீரான வெளிச்சத்தைக் காட்டு. ஃபிளாட் எடுக்கும் வரை கேமராவைக் கழற்றாதே, ஃபோகஸைத் தொடாதே. தொட்டால் நிழல் இடம் மாறிவிடும், அந்த ஃபிளாட் உதவாது. பல படங்கள் எடுத்துச் சராசரி பார். பிக்சலுக்கு 10,000 எலக்ட்ரான் சேர்ந்த ஒரு படத்தில் இரைச்சல் 1 சதவீதம். அப்படி 16 படங்களைச் சேர்த்தால் கால் சதவீதமாகக் குறையும்.

அடுத்த முறை ஜேபெக் வேண்டாம். அதில் ஒளிக்கும் எண்ணுக்கும் உள்ள நேர்விகிதம் போய்விடுகிறது. ரா ஃபைல்களோடு ஃபிளாட்டையும் பயஸையும் சேர்த்து அனுப்பு. உட்கார்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
அத்தை